தந்தை பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கு 1801 மார்ச் 10 அன்று தொடங்கியது. நெப்போலியனுடன் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நாட்டில் எத்தனை வாய்கள், எத்தனை தோள்கள் என்பதைத்தான் அரசு அறிய விரும்பியது. அதனால் முதல் நான்கு கணக்குகளுக்குத் தலைகளின் எண்ணிக்கையே போதுமானதாக இருந்தது. ஒரு சில ஊர்களில் தவிரப் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. 1841 ஜூன் 6 இரவு எடுக்கப்பட்ட ஐந்தாவது கணக்கில்தான் ஒவ்வொரு வீட்டிலும் தூங்கியவர்களின் பெயர் நாடு முழுவதும் ஏட்டில் ஏறியது. பாட்டனின் பாட்டன் யார் என்று இன்று தேடுபவர் அந்த நாட்டில் முதலில் புரட்டுவது அந்த ஏடுகளைத்தான். இந்தியாவில் அதற்கு வழியில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிமனிதரைப் பற்றிய கணக்கெடுப்புப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது. பிரிட்டனில் நூறாண்டு கழிந்தால் பூட்டு திறக்கிறது.

அப்படித் தேடிப் போகிறவர்களில் பலர் சில தலைமுறைகளுக்குள்ளாகவே ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். பாட்டனுக்குத் தாய் இருக்கிறாள், தந்தை இல்லை. இது அபூர்வமும் அல்ல. 1840களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான பிறப்புகளில் நூற்றுக்கு ஆறேழு மணவாழ்க்கைக்கு வெளியே நிகழ்ந்தவை. 1900 வாக்கில் அது நான்கு அளவுக்குக் குறைந்தது. ஐந்து தலைமுறை பின்னோக்கிப் போனால் ஒருவருக்கு 62 முன்னோர்கள். அத்தகைய பிள்ளைகளில் சிசு மரணம் அதிகம் என்பதைக் கழித்துக்கொண்டாலும், அந்த 62 பேரில் ஒருவரோ இருவரோ அப்படிப் பிறந்தவராக இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. அவர்களை எந்தக் கணக்கெடுப்புப் படிவமும் நேரடியாகக் கேட்டுக் குறித்ததில்லை. ‘இந்தப் பிள்ளை மணத்துக்குள் பிறந்ததா’ என்று ஒரு நிரல் எந்தப் படிவத்திலும் கிடையாது. ஒரு தாள் சொல்வதை இன்னொரு தாள் மறுக்கும் இடத்தில்தான் அவர்கள் அகப்படுகிறார்கள்.

1841ஆம் ஆண்டு ஏடு இந்த வேலைக்கு மிகவும் நொண்டியானது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு உத்தரவு. 39 வயதுக்காரி 35 ஆகிவிடுவாள். உத்தரவைச் சிலர் பின்பற்றினார்கள், சிலர் பின்பற்றவில்லை. பிறந்த ஊர் எழுதப்படவில்லை. அதே மாவட்டத்தில் பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை என்று ஓர் எழுத்து மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உறவு என்ற நிரலே இல்லை. ஒரே குடும்பப் பெயருடன் ஆறு பேர் ஒரு கூரையின் கீழ் வரிசையாக நின்றால் அவர்கள் தாய் தந்தை மக்களா, அண்ணன் தங்கையும் அத்தை மகனுமா என்பதைப் பார்ப்பவர்தான் ஊகிக்க வேண்டும். ஒரு வீடு முடிந்ததற்கு இரட்டைச் சாய்கோடு, அதே வீட்டுக்குள் ஒரு குடித்தனம் முடிந்ததற்கு ஒற்றைச் சாய்கோடு. அந்தக் கோட்டைக் கவனிக்காமல் பக்கத்துக் குடித்தனத்துப் பிள்ளையைத் தன் வம்சத்தில் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு.

1851 மார்ச் 30 இரவு எடுத்த கணக்கில் நிலைமை மாறியது. குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு, மணமானவரா இல்லையா, சரியான வயது என்ன, எந்த மாவட்டத்தில் எந்த ஊரில் பிறந்தார் என்றெல்லாம் கேட்கப்பட்டது. படிவங்களை வீடு வீடாகக் கொடுத்து, மறுநாள் வாங்கி, கணக்கெடுப்பாளர் தன் ஏட்டில் பிரதி எடுத்தார். எழுதத் தெரியாத வீட்டில் அவரே கேட்டு எழுதினார். மூலப் படிவங்கள் பின்னர் அழிக்கப்பட்டன. 1901 வரை நமக்குக் கிடைப்பது பிரதிதான். ஆகவே அதில் இருப்பது, குடும்பத் தலைவர் எதைச் சொல்ல விரும்பினாரோ, அதைக் கணக்கெடுப்பாளர் எப்படிக் காதில் வாங்கினாரோ, அது. கல்யாணச் சான்றிதழைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை.

வழக்கமாக எதிர்ப்படும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுத் தலைவர், விவசாயக் கூலி, வயது 54. மனைவிக்கு 51. அடுத்து மகள், மணமாகாதவள், 22. பிறகு இரண்டு மகன்கள், 17, 13. கடைசியாக இன்னொரு மகன், வயது 2. மேலோட்டமாகப் பார்த்தால் கடைக்குட்டி. கழித்துப் பார்த்தால் அவன் பிறந்தபோது அந்த அம்மாளுக்கு வயது 49. அவனுக்கும் மூத்தவனுக்கும் இடையே பதினொரு ஆண்டு இடைவெளி. 22 வயது மகள் அந்த வரிசையில் மேலே நின்றுகொண்டிருக்கிறாள். பத்தாண்டு கழித்து அடுத்த ஏட்டில் அதே வீட்டைப் பார்த்தால், சில சமயம் ‘மகன்’ என்று இருந்தவன் ‘பேரன்’ ஆகியிருப்பான். பாட்டி இறந்திருப்பாள், அல்லது இம்முறை கதவைத் திறந்தவர் வேறொருவராக இருந்திருப்பார். அந்த ஒரு சொல் மாற்றம்தான் துப்பு. அதை உறுதிசெய்ய அவனுடைய பிறப்புச் சான்றிதழை வாங்கித் தாயின் பெயரைப் பார்க்க வேண்டும். நாவலாசிரியை கேத்தரின் குக்சன் 1906இல் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் மணமாகாத தாய்க்குப் பிறந்தவர். தாத்தா பாட்டியைப் பெற்றோர் என்றும் பெற்ற தாயை அக்கா என்றும் நம்பி வளர்ந்தார். உழைக்கும் மக்களின் தெருக்களில் அது ஊரறிந்த ஏற்பாடுதான். பிள்ளைக்கு மட்டும் தெரியாது.

உறவு நிரலில் வரும் மற்றச் சொற்களையும் இன்றைய பொருளில் வாசித்தால் தடம் தப்பும். அன்று ஆங்கிலத்தில் மருமகள், மருமகன் என்பதற்கான சொல்லே மனைவியின் முந்தைய பிள்ளைகளையும் குறித்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ‘மருமகள்’ என்று எழுதப்பட்டிருந்தால் அது பால்ய விவாகம் அல்ல. தாய் வேறு இடத்தில் பெற்று, மணமாகிக் கூட்டிவந்த பிள்ளை. ‘வீட்டு நிர்வாகி’ என்று எழுதப்பட்டு, வீட்டுக்காரரை விடப் பத்து வயது இளையவளாக, அவருடைய குடும்பப் பெயரையே நடுப்பெயராகக் கொண்ட இரண்டு பிள்ளைகளுடன் ஒருத்தி இருந்தால் மேலும் சொல்ல வேண்டியதில்லை. ‘வளர்ப்புக் குழந்தை’ என்று பொருள்படும் குறிப்பு, வாரக் கூலிக்கு ஒருத்தியிடம் விடப்பட்ட சிசுவைச் சுட்டும். வீட்டு வேலைக்காரியாக இருந்தவள் பிள்ளை பெற்றால் வேலை போய்விடும். வேலை வேண்டுமென்றால் பிள்ளையை யாரிடமாவது விட்டாக வேண்டும். அந்த வியாபாரத்தின் கோர முகத்தை, வளர்க்க வாங்கிய சிசுவைக் கொன்றதற்காக 1870இல் தூக்கிலிடப்பட்ட மார்கரெட் வாட்டர்ஸ் வழக்கு வெளிக்கொண்டுவந்தது. 1872இல் சிசுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அப்படியும் 1896இல் அமீலியா டையர் அதே குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறினார்.

தமிழ் வாசகரைத் திகைக்க வைக்கும் ஒரு வகையும் உண்டு. மனைவி இறந்தபின் மச்சினியை மணந்துகொள்வது இங்கே பிள்ளைகளின் நலனுக்காகப் பெரியவர்களே பேசி முடிக்கும் காரியம். இங்கிலாந்தில் 1835 முதல் 1907 வரை அப்படிப்பட்ட மணம் சட்டப்படி செல்லாது. அதில் பிறந்த பிள்ளைகள் தந்தையின் சட்டபூர்வ வாரிசுகள் அல்ல. ஒரு கணக்கெடுப்பில் ‘மனைவியின் தங்கை’ என்று இருந்தவள் அடுத்ததில் ‘மனைவி’ ஆவதும், சில குடும்பங்களில் பத்தாண்டுக்கு மேலும் மைத்துனியாகவே எழுதப்பட்டு வருவதும் அதனால்தான். மணமுறிவும் எட்டாக்கனி. 1857 வரை அதற்கு நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேற்ற வேண்டும்; அதற்குப் பிறகும் நீதிமன்றச் செலவு கூலிக்காரருக்குத் தாங்காது. பிரிந்த தம்பதிகள் வேறு ஊருக்குப் போய், வேறொருவருடன், ‘மணமானவர்’ என்றே எழுதிக்கொண்டு வாழ்ந்தார்கள். கீழ்த்தட்டு மட்டுமல்ல. அயர்லாந்து நிலக்கிழார் தாமஸ் சாப்மன் மனைவியையும் நான்கு பெண்களையும் விட்டுவிட்டு, வீட்டில் பணியாற்றிய சாரா என்பவருடன் வெளியேறி, லாரன்ஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டார். அவர்களுக்கு 1888இல் வேல்ஸில் பிறந்த இரண்டாம் மகன்தான் பின்னாளில் ‘அரேபியாவின் லாரன்ஸ்’. சாராவும் மணமின்றிப் பிறந்தவர். எழுத்தாளர் வில்கி காலின்ஸ், மார்த்தா ரட் என்பவருடன் பெற்ற மூன்று பிள்ளைகளும் டாசன் என்ற குடும்பப் பெயரில் வளர்ந்தார்கள்; அந்த வீட்டுக்குப் போகும்போது காலின்ஸும் வழக்கறிஞர் டாசன்தான். பெயரே பொய்யாக இருக்கும்போது பெயர் அகராதி என்ன செய்யும்?

கணக்கெடுப்பு கிளப்பிவிடும் சந்தேகத்தைப் பிறப்புச் சான்றிதழில் தீர்த்துக்கொள்ளலாம் என்பது பாதி உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. மணமாகாத தாய் பதிவுசெய்தால் தந்தை பெயருக்கான கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோடு. தொடக்க ஆண்டுகளில் சில பதிவாளர்கள் தாய் சொன்ன பெயரை எழுதிக்கொண்டார்கள். பிறகு அது தடுக்கப்பட்டது. 1875 முதல் விதி தெளிவானது: தந்தையும் தாயும் சேர்ந்து வந்து, இருவரும் கையெழுத்திட்டால் மட்டுமே அவர் பெயர் ஏறும். ஆகவே அந்த ஆண்டுக்குப் பிந்திய சான்றிதழில், தாய்க்கு மணமில்லாத நிலையில், ஓர் ஆணின் பெயர் இருந்தால் அவர் பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் நடந்து வந்திருக்கிறார் என்று பொருள். கோடு போட்டிருந்தால் தந்தை யாரென்று தெரியாது என்று பொருளல்ல. தாய்க்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும். சட்டம் எழுத விடவில்லை.

ஸ்காட்லாந்தில் பதிவு 1855இல் தொடங்கியது. அங்கே பிள்ளையின் பெயருக்குக் கீழேயே மணமின்றிப் பிறந்தது என்ற சொல்லை எழுதும் வழக்கம் இருந்தது. 1866இல் லாசிமவுத் என்ற மீன்பிடி ஊரில் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கும் வேலைக்காரப் பெண் ஒருவருக்கும் பிறந்த குழந்தை தாயின் குடும்பப் பெயரில் ஜேம்ஸ் மெக்டொனால்டு ராம்சே என்று பதிவானது. தந்தையின் பெயர் நடுவில் ஒளிந்திருப்பதைக் கவனிக்கலாம். ஐம்பதாண்டு கழித்து, 1915இல், போரை எதிர்த்த அரசியல்வாதியை அவமானப்படுத்த ‘ஜான் புல்’ இதழ் அந்தச் சான்றிதழை அப்படியே அச்சிட்டது. 1924இல் அவர் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமரானார்: ராம்சே மெக்டொனால்டு. நடுப்பெயராகத் தந்தையின் குடும்பப் பெயரைச் செருகிவிடுவது தாய்மார்கள் நெடுங்காலம் கையாண்ட உத்தி. சட்டம் ஒரு கட்டத்தை மூடியபோது அவர்கள் பக்கத்துக் கட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

திருமணச் சான்றிதழ் இன்னும் வழுக்கலானது. 1837 முதல் மணமகன், மணமகள் இருவருடைய தந்தை பெயரும் தொழிலும் அதில் கேட்கப்பட்டது. பாதிரியார் முன்னால், வருங்கால மாமனார் பக்கத்தில் நிற்க, அந்தக் கேள்விக்கு மௌனம் சாதிப்பது எளிதல்ல. சிலர் கோடு போட விட்டார்கள். சிலர் தாத்தாவின் பெயரையோ தாயின் பிற்காலக் கணவர் பெயரையோ சொன்னார்கள். சிலர் தன் குடும்பப் பெயரிலேயே ஒரு தந்தையைக் கற்பித்து, இறந்துவிட்டார் என்று அவரை அங்கேயே முடித்தும் வைத்தார்கள். கணக்கெடுப்பு ஏடுகளில் எங்கும் தட்டுப்படாத தந்தை திருமணப் பதிவில் மட்டும் தோன்றி மறைந்தால் அவர் அத்தகையவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

உண்மையான தந்தையின் பெயர் கிடைக்கும் இடம் அறத்தின் ஏடுகளில் இல்லை, பணத்தின் ஏடுகளில் இருக்கிறது. அன்று பங்கு எனப்படும் கோவில் வட்டாரம்தான் தன் எல்லைக்குள் இருக்கும் ஏழைகளைச் சோறுபோட்டுக் காக்க வேண்டியிருந்தது. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வரி கட்டினார்கள். தந்தையில்லாப் பிள்ளை ஒன்று பிறந்தால் அது பல ஆண்டுச் செலவு. பிள்ளை எந்தப் பங்கில் பிறக்கிறதோ அந்தப் பங்கின் பொறுப்பு என்று விதி இருந்ததால், பிரசவ நேரம் நெருங்கிய அயலூர்ப் பெண்ணைப் பங்கு எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட நிதிக் கண்காணிப்பாளர்கள் ஓடினார்கள். உள்ளூர்ப் பெண் என்றால் நீதிபதிகள் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கி யார் தந்தை என்று கேட்டார்கள். வாய் திறக்காதவளிடம் பிரசவ வலியின் நடுவில் மருத்துவச்சி கேட்டு வாங்கவும் ஏற்பாடு இருந்தது. 1733ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் சத்தியம் ஒன்றைக் கொண்டே ஆணைப் பிடித்துச் சிறையில் வைக்க அனுமதித்தது. ஜாமீன் கொடுத்தால்தான் விடுதலை. அந்த ஜாமீன் பத்திரங்கள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அச்சடித்த தாள், நடுவே இடைவெளிகள். அதில் ஆணின் பெயர், தொழில், ஊர், பெண்ணின் பெயர், பிணை நிற்பவர்கள், பங்குக்குச் செலவு வைத்தால் செலுத்த வேண்டிய தொகை, கீழே கையெழுத்து அல்லது ஒரு பெருக்கல் குறி. பிணை நிற்பவர் பல சமயம் அந்த ஆணின் தகப்பனார். வம்சம் தேடுபவருக்கு ஒரே தாளில் இரண்டு தலைமுறை.

செலவைத் தவிர்க்க இன்னொரு வழி, பிடித்து வைத்துக் கல்யாணம் செய்துவிடுவது. பங்குக் கணக்கில் மோதிரத்துக்கு இவ்வளவு, பாதிரியாருக்கு இவ்வளவு, அன்று குடித்த பீருக்கு இவ்வளவு என்று கூச்சமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் பாதிரியார் கடுமை காட்டுவார். ‘இழிபிறப்பு’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல், அல்லது லத்தீனில் ‘யாருடைய மகனும் அல்ல’, ‘ஊர் மக்களின் மகன்’ என்று ஒரு குத்தல். 1841இல் வேல்ஸின் டென்பியில் ஜான் ரோலண்ட்ஸ் என்ற குழந்தைக்கு அப்படியொரு முத்திரை விழுந்தது. 1847 முதல் 1856 வரை அந்தப் பையன் செயின்ட் ஆசஃப் ஊரின் வொர்க்ஹவுஸில், அதாவது ஏழையர் விடுதியில் இருந்தான். 1851 கணக்கெடுப்பு இரவும் அந்த ஆண்டுகளுக்குள் அடங்கும். பின்னாளில் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவில் நாடாய்வாளர் லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடித்தவன் அவன்தான்.

1834இல் வந்த புதிய ஏழையர் சட்டம் வம்ச ஆய்வாளருக்குப் பெரிய இழப்பு. பெண்ணின் சத்தியத்தை நம்பி ஆண்களை அலைக்கழிப்பது தவறான பெண்களுக்குப் பரிசு கொடுப்பது போல என்று ஆணையர்கள் முடிவு கட்டினார்கள். பிள்ளையின் பொறுப்பு தாயின் தலையில் விழுந்தது. தாய் சொல்வதற்கு வேறு சாட்சியமும் தேவை என்றானது. ஜாமீன் பத்திரங்கள் அத்தோடு நின்றன. 1844இல் சட்டத்தைத் திருத்தி, தாயே மாஜிஸ்திரேட்டிடம் போய் வாரம் அதிகபட்சம் இரண்டரை ஷில்லிங் கேட்கலாம் என்று விட்டார்கள். 1872இல் அது ஐந்து ஷில்லிங் ஆனது. அந்த நீதிமன்ற ஏடுகள் எல்லா ஊரிலும் பிழைத்திருக்கவில்லை. ஆனால் உள்ளூர்ப் பத்திரிகைகள் அந்த வழக்குகளை விடாமல் அச்சிட்டன. சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரி எந்த வேலிக்குப் பின்னால் யாரை எத்தனை மணிக்குப் பார்த்தாள் என்பது வரை அதில் இருக்கும்.

லண்டனில் கப்பல் மாலுமி தாமஸ் கோரம் 1739இல் அரச சாசனம் பெற்று நிறுவிய அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் தடம் வேறு விதமாக அறுந்தது. உள்ளே வந்த குழந்தைக்கு உடனே புதுப் பெயரில் ஞானஸ்நானம். பெற்றவள் விட்டுச்சென்ற அடையாளமாக ஒரு துண்டுத் துணி, தேய்த்துப் பெயர் பொறித்த நாணயம், பாதி உடைந்த பதக்கம். திரும்பி வந்தால் மறுபாதியைக் காட்டி மீட்டுக்கொள்ளலாம். வந்தவர்கள் மிகச் சிலர். கணக்கெடுப்பு ஏட்டில் அந்த இல்லத்துப் பெயரைக் கொண்டு தேடிப் பிடித்தாலும், அதற்கு முந்திய பெயர் இல்லத்தின் சொந்த ஆவணங்களில்தான் கிடைக்கும்.

சென்னைக்கும் இந்த ஏடுகளில் ஒரு மூலை உண்டு. இங்கிலாந்துக் கிராமத்து வீடொன்றின் கணக்கில், பிறந்த ஊர் என்ற நிரலில் ‘மதராஸ்’ என்றோ ‘கிழக்கிந்தியா’ என்றோ எழுதப்பட்ட பிள்ளைகள் எதிர்ப்படுவார்கள். எல்லாரும் வெள்ளைக்காரத் தம்பதிக்குப் பிறந்தவர்கள் அல்ல. கம்பெனி அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளில் வசதியுள்ளவர்களின் மக்கள் சிலர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் இங்கேயே தங்கினார்கள். சென்னையில் 1789இல் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லம் அத்தகைய சிறுவர்களையும் வளர்த்தது. லண்டனில் உள்ள இந்திய அலுவலகப் பதிவுகளில் மதராஸ் மாகாணத்துத் தேவாலயப் பதிவுகளுக்கென்றே தனி வரிசை இருக்கிறது. அதில் தந்தையின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாக இருக்கும். காணாமல் போவது தாயின் பெயர். அதிகாரிகளின் உயில்களில் ‘என் இயல்பான மகள்’ என்ற சொல் வந்தால் அது அந்தக் காலத்து இடக்கரடக்கல்.

1911 ஏப்ரல் 2 அன்று எடுத்த கணக்கு வேறெதையும் விட நெருக்கமானது. முதல் முறையாக வீட்டுத் தலைவர் தன் கையால் நிரப்பிய படிவமே பாதுகாக்கப்பட்டது. மணமான பெண்களிடம் எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டாதவர்களும் சொன்னார்கள். கைம்பெண்கள் எழுதினார்கள், மணமாகாத தாய்மார் சிலரும் பிள்ளைக் கணக்கை எழுதினார்கள். குமாஸ்தா வேறு மையில் அதை அடித்தார், ஆனால் அடித்த கோட்டுக்குக் கீழே எண் இன்றும் தெரிகிறது. ‘மணமாகி 6 ஆண்டு’ என்று எழுதிய வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தாலும் கதை வெளியாகிவிடும். அடுத்த கணக்கு, 1921 ஜூனில் எடுத்தது, சிறுவர்களின் பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று கேட்டது. மணமுறிவு பெற்றவர் என்ற வகையும் அதில்தான் முதலில் வந்தது.

இத்தனை ஏடுகளிலும் கிடைக்காத பெயரை இப்போது மரபணுச் சோதனையில் தேடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவருடன் மூன்றாம் பங்காளி அளவுக்கு ஒற்றுமை வந்தால், அவருடைய வம்சத்தைக் கணக்கெடுப்பு ஏடுகளில் கீழிருந்து மேலாகக் கட்டி, குறிப்பிட்ட ஆண்டில் அந்தத் தாய் வேலை பார்த்த தெருவில் எந்த ஆண் இருந்தான் என்று பார்க்க வேண்டும். உமிழ்நீர் உறவைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. பெயருக்கு மறுபடியும் பழைய தாள்தான்.

சட்டத்தின் கடுமை தளர்ந்தது தாமதமாக. பெற்றோர் பின்னால் மணந்துகொண்டாலும் முன்னால் பிறந்த பிள்ளை வாரிசாகாது என்று 13ஆம் நூற்றாண்டில் மெர்ட்டனில் கூடிய பிரபுக்கள் பிடிவாதமாகச் சொன்னது 1927 ஜனவரி 1 வரை நின்றது. அதே நாளில் சட்டபூர்வத் தத்தெடுப்பும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கணக்கெடுப்பில் ‘தத்துப்பிள்ளை’ என்று இருந்தால் அது வாய்வழி ஏற்பாடு, எந்த நீதிமன்றத்திலும் கோப்பு கிடையாது. 1947 முதல் பெற்றோர் பெயர் இல்லாத குறுஞ்சான்றிதழ் கிடைக்கத் தொடங்கியதால், பள்ளியிலும் வேலையிலும் அந்தக் கோட்டைக் காட்ட வேண்டிய தேவை ஒழிந்தது.

இங்கிலாந்து, வேல்ஸின் 1931ஆம் ஆண்டுக் கணக்கின் ஏடுகள் 1942 டிசம்பரில் மிடில்செக்ஸின் ஹேய்ஸ் ஊரில் நேர்ந்த தீ விபத்தில் எரிந்துபோயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. இடையில் இருப்பது 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக எடுத்த தேசியப் பதிவு ஒன்றுதான். அதில் சரியான பிறந்த தேதி இருக்கிறது, தொழில் இருக்கிறது, பின்னாளில் மணமான பெண்களின் புதுப் பெயர் மேலே எழுதப்பட்டிருக்கிறது. உறவு நிரல் மட்டும், 1841இல் போலவே, இல்லை. அடுத்துத் திறக்கவிருப்பது 1951ஆம் ஆண்டுக் கணக்கு. அதற்கு 2052 வரை காத்திருக்க வேண்டும்.